வாயுவுக்கோர் அரிதட்டு



பிரித்தெடுத்தல் என்னுந் தொழிலை நம் அடுக்களைகள் நெடுங்காலமாக அறிந்துள்ளன. குற்றிய நெல்லின் உமியைப் போக்கச் சுளகு உண்டு. மாவிலுள்ள கப்பியை நீக்க அரிதட்டு உண்டு. அரிசியிற் கிடக்கும் கல்லைக் களைய அரிக்கன் சட்டி உண்டு. இம்மூன்று கருவிகளையும் சற்று உற்று நோக்குவோமாயின் ஓர் உண்மை புலப்படும். உமி நொய்யது, அரிசி கனத்தது. அதனாற் சுளகு பயன்படுகின்றது. கப்பி பெரியது, மா நுண்ணியது; அதனால் அரிதட்டுப் பயன்படுகின்றது. கல் நீரில் விரைந்து தாழ்வது, அரிசி மெல்லத் தாழ்வது; அதனால் அரிக்கன் சட்டி பயன்படுகின்றது. வேற்றுமை எங்கே உண்டோ அங்கேதான் பிரித்தல் இயலும். அவ்வாறாயின், எடையிலும் பருமனிலும் ஏறத்தாழ ஒன்றாகவே அமைந்த இரண்டு பொருள்கள், அவையும் கண்ணுக்குப் புலனாகாத வாயுக்கள், ஒன்றோடொன்று கலந்து நிற்குமாயின் அவற்றை எவ்வாறு பிரிப்பது? இவ்வினாவே இன்றைய பேச்சின் பொருளாகும்.

அவ்விரு வாயுக்களுள் ஒன்றை நாம் பெயரறியாமலே பயன்படுத்தி வந்திருக்கின்றோம். வாழைக் குலையைக் குழியில் இட்டு மூடிப் புகையூட்டிப் பழுக்க வைக்கும் வழக்கம் நம்மிடையே உண்டு. புகைக்குக் காயைக் கனிவிக்கும் ஆற்றல் எங்ஙனம் வந்தது? புகையிற் கலந்துள்ள வாயுக்களுள் எதிலீன் என்பதும் ஒன்று. காயைப் பழுக்கத் தூண்டுவது அதுவே. 1901 ஆம் ஆண்டில் உருசிய நாட்டுத் தாவரவியலார் நெல்யூபொவ், விளக்கெரிக்கும் வாயுவிலிருந்த எதிலீனே தம் ஆய்வுகூடத்துப் பட்டாணி நாற்றுகளைக் கோணலாக வளரச் செய்தது என்று கண்டார். 1934 இல் ஆங்கில அறிஞர் கேன் என்பவர், பழுக்கும் அப்பிள் தானே எதிலீனை வெளிவிடுகின்றது என்பதை நிறுவினார்.

இரசாயனவியலார் கணக்கில், எதிலீனின் ஒரு மூலக்கூறு இரண்டு காபன் அணுக்களும் நான்கு ஐதரசன் அணுக்களும் சேர்ந்தது. அதன் உடன்பிறப்பு எதேன் என்னும் வாயு. இதில் காபன் அணுக்கள் அதே இரண்டு. ஐதரசன் அணுக்கள் மட்டும் ஆறு. எதிலீனில் ஐதரசன் குறைவதால், இரண்டு காபன் அணுக்களும் ஒன்றையொன்று இரு கைகளாலும் பற்றி நிற்கின்றன எனலாம். இதனை இரட்டைப் பிணைப்பு என்பர். அவ்விரு கைகளுள் ஒன்றை விடுவித்து அயலிலுள்ள மூலக்கூற்றோடு கோத்துக்கொண்டே செல்லின், எதிலீன் நீண்ட சங்கிலியாகின்றது. அச்சங்கிலியே பொலித்தீன். கடைப் பை முதல் நீர்க்குழாய் வரை, நாம் நாளும் தொட்டுப் புழங்கும் எத்தனையோ பொருள்கள் இவ்வாயுவிலிருந்து பிறந்தவை. மூன்று காபன் அணுக்கள் உடைய புரொப்பிலீன், புரொப்பேன் என்னும் இன்னோர் இணையும் இவ்வாறானதே. புரொப்பிலீன் கயிறாகவும் சாக்காகவும் உருப்பெறுவது. புரொப்பேன் நம் அடுப்பெரிக்கும் வாயுச் சிலிண்டரில் இடம்பெறுவது.

எதேனையோ பெற்றோலியத்தின் நொய்ய பகுதியையோ நீராவியோடு கலந்து, ஏறக்குறைய 800 பாகை செல்சியசுக்கு மேற் சூடேற்றினால் மூலக்கூறுகள் பிளவுபட்டு எதிலீன் உண்டாகின்றது. ஆயின் தனியே உண்டாவதில்லை. ஐதரசன், மெதேன், பிளவுபடாது எஞ்சிய எதேன் எனப் பலவும் அதனோடு சேர்ந்தே வெளிவருகின்றன. பொலித்தீன் செய்வதற்கோ நூற்றுக்கு 99.9 பங்குக்கும் மேலான தூய்மை வேண்டும். ஆதலின், ஆக்குவதோடு வேலை முடிவதில்லை. பிரிப்பதிலேதான் பெருஞ் செலவு தொடங்குகின்றது.

இன்று ஆலைகள் கையாளும் முறை குளிரூட்டிக் காய்ச்சி வடிப்பதாகும். எதிலீன் கொதிக்கும் நிலை, சுழிக்குக் கீழே 104 பாகை. எதேன் கொதிக்கும் நிலை, சுழிக்குக் கீழே 89 பாகை. இடைவெளி 15 பாகையே. புரொப்பிலீனுக்கும் புரொப்பேனுக்கும் உள்ள இடைவெளி 6 பாகைக்கும் குறைவு. இச்சிறிய வேற்றுமையைப் பற்றிக்கொண்டு பிரிக்க வேண்டுமாயின், வாயுவை அழுத்திக் குளிரூட்டி, நூற்றுக்கு மேற்பட்ட தட்டுகள் அடுக்கிய நெடுங்கோபுரத்தில் ஏற்றியும் இறக்கியும், மீண்டும் மீண்டும் கொதிக்கவும் குளிரவும் செய்தல் வேண்டும். 2016 ஆம் ஆண்டில் 'நேச்சர்' என்னும் அறிவியல் இதழில் சோல், லைவ்லி என்னும் அமெரிக்க அறிஞர் இருவர் ஒரு கணக்கை எடுத்துக்காட்டினர். உலகில் ஆண்டுதோறும் ஆக்கப்பெறும் எதிலீனும் புரொப்பிலீனும் 20 கோடித் தொன்னுக்கு மேல். ஆளுக்கு ஏறக்குறைய 30 கிலோகிராம். இவற்றைத் தூய்மைப்படுத்துதற்கு மட்டும் உலகம் செலவிடும் சக்தி, மனித குலம் பயன்படுத்தும் மொத்தச் சக்தியில் ஆயிரத்தில் மூன்று பங்கு. ஆயிரத்தில் மூன்றுதானே என்று எண்ணுதல் வேண்டா. சிங்கப்பூர் நாடு ஓராண்டு முழுவதும் செலவிடும் சக்திக்கு அது ஏறத்தாழ ஈடு என்கின்றனர் அவர்கள். ஒரு நாட்டின் விளக்கும் வாகனமும் தொழிற்சாலையும் இயங்கத்தக்க சக்தி, இரட்டையர் போன்ற வாயுக்களை வேறுபடுத்தும் ஒரே வேலையிற் கழிகின்றது!

குளிரூட்டாமல் பிரிக்க வழி இல்லையா? உண்டு என்பதற்கு முதற் சான்று பகர்வது நம் வீட்டுக் கரியே. 1773 இல் சுவீடன் நாட்டு சீலேயும், 1777 இல் இத்தாலியரான பொந்தானாவும், கரியானது வாயுவைத் தன்பால் ஈர்த்துக்கொள்ளும் என்பதைக் கண்டனர். கரித்துண்டினுள் எண்ணற்ற நுண்துளைகள் உள. அத்துளைகளின் சுவரில் வாயு மூலக்கூறுகள் படிந்து ஒட்டிக்கொள்கின்றன. பஞ்சு நீரை உறிஞ்சுவதற்கும் இதற்கும் வேறுபாடு உண்டு. இங்கே வாயு சுவரின் மேற்பரப்பிலேயே தங்குகின்றது. இதனைப் புறத்துறிஞ்சல் என்பர். மேற்பரப்பு எவ்வளவு மிகுமோ அவ்வளவு கொள்ளளவும் மிகும். கரியை நீராவியில் மேலும் சூடேற்றித் துளைகளைப் பெருக்குவர். அவ்வாறு பக்குவஞ் செய்த செயலூக்கிய கரியில் ஒரு கிராமினுள் அடங்கிய சுவர்ப் பரப்பு, ஏறக்குறைய 1000 சதுர மீற்றர். அதாவது கால் ஏக்கர். யாழ்ப்பாணத்துக் கணக்கிற் சொன்னால் நான்கு பரப்புக் காணி, ஒரு சிட்டிகைக் கரிக்குள் மடிந்து கிடக்கின்றது!

இத்துறையில் நம் தென்னைக்கும் ஓரிடம் உண்டு. சிரட்டைக் கரி உறுதியானது. அதன் துளைகளோ மிக நுண்ணியவை. 20 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சேர் ஜேம்ஸ் டூவார், சிரட்டைக் கரியைத் திரவ வாயுவினாற் குளிரச் செய்து, ஒரு கலத்தில் எஞ்சிய காற்றை அதனைக் கொண்டே ஈர்த்து, ஏறத்தாழ முழு வெற்றிடத்தை உண்டாக்கிக் காட்டினார். முதலாம் உலகப் போரில் நச்சுவாயுவைத் தடுக்கும் முகமூடிகளிலும் சிரட்டைக் கரி இடம்பெற்றது. இன்றும் இலங்கை, சிரட்டையிலிருந்து செயலூக்கிய கரியை ஆக்கிப் பிற நாடுகளுக்கு அனுப்பி வருகின்றது.

இனி, இத்தொழிலின் உயிர்நிலைக்கு வருவோம். பிடிப்பது பாதி வேலை. விடுவது மற்றப் பாதி. ஒரு பொருள் எதிலீனைப் பற்றிக்கொண்டு விடவே மாட்டேன் என்று நின்றால், அது ஒரு முறை நிரம்பியதும் பயனற்றுப் போகும். பற்றியதை விடுவிக்கச் சூடேற்றலாம்; அல்லது அழுத்தத்தைக் குறைக்கலாம். அதற்கும் சக்தி செலவாகும். பிடி மிக வலிதாயின் விடுவிக்கும் செலவு மிகும். பிடி மிக மெலிதாயின் பிரிவு நிகழாது. இரண்டுக்கும் இடைப்பட்ட பிடியே வேண்டப்படுவது. அழுத்தத்தை மாற்றிப் பிடிக்கவும் விடவும் செய்யும் முறையைச் செம்மைப்படுத்தியவருள் ஒருவர் அமெரிக்கரான ஸ்காஸ்ட்ரொம். அவரது காப்புரிமை 1960 இல் வழங்கப்பெற்றது. 2020, 2021 ஆம் ஆண்டுகளில் கொரோனா நோயாளரின் படுக்கையருகே நின்ற ஒட்சிசன் செறிவாக்கும் கருவியை நேயர்கள் பலர் கண்டிருப்பீர்கள். காற்றை அழுத்தி, நைதரசனைத் துளைக்கற்களிற் பிடித்து, ஒட்சிசனை முன்னே செலுத்தி, பின் அழுத்தத்தைத் தளர்த்தி நைதரசனை வெளியே விடுவது அதன் தொழில். பிடித்தலும் விடுதலும் மாறி மாறி நிகழ்வதே அக்கருவியின் மூச்சு.

எதிலீனை இம்முறையாற் பெறும் முயற்சியும் புதியதன்று. 1940களில் கலிபோணியாவின் யூனியன் ஒயில் நிறுவனத்துப் பொறியியலாளர் கிளைட் பேர்க், உயர்ந்த கோபுரமொன்றில் கரிமணிகளை மேலிருந்து கீழே மெல்ல இறங்கவிட்டு, வாயுக் கலவையை அவற்றினூடே மேலே ஏற்றினார். நொய்ய ஐதரசனும் மெதேனும் மேலே வெளியேற, எதிலீன் போன்ற கனத்த வாயுக்கள் கரியோடு கீழிறங்கி, அங்கே சூடு பட்டு விடுதலை பெற்றன. கரிமணிகள் மீண்டும் உச்சிக்கு ஏற்றப்பட்டன. எண்ணம் நன்று, ஆனால் ஓயாது இறங்கியும் ஏறியும் உராய்ந்த கரி தூளாயிற்று. அம்முறை நிலைபெறவில்லை. அன்றியும், கரிக்கு எதேனும் எதிலீனும் ஏறக்குறைய ஒன்றே. மெதேனிலிருந்து இரட்டையர் இருவரையும் பிரிக்க அதனால் இயன்றது. இரட்டையரை ஒருவரிலிருந்து ஒருவராகப் பிரிக்க இயலவில்லை.

கரியின் துளைகள் பலவாறான அளவின, ஒழுங்கற்றவை. எல்லாத் துளைகளும் ஒரே அளவினவாக அமைந்த பொருள் ஒன்று இருக்குமாயின் அது உண்மையான அரிதட்டாகும் அன்றோ? அத்தகைய பொருள் இயற்கையிலேயே இருந்தது. 1756 இல் சுவீடன் நாட்டுக் கனிப்பொருளியலார் குரொன்ஸ்டெட், ஒரு கல்லைச் சுட்டபோது அது நுரைத்துக் கொதிப்பதைக் கண்டு, கொதிக்குங்கல் என்று பொருள்படும் கிரேக்கச் சொற்களால் 'சியோலைற்று' எனப் பெயரிட்டார். கல்லினுள் ஒழுங்காக அமைந்த அறைகளில் தங்கியிருந்த நீரே ஆவியாகி வெளியேறியது. மக்பெயின் என்னும் அறிஞர் இத்தகைய கற்களுக்கு 'மூலக்கூற்று அரிதட்டு' என்ற பொருத்தமான பெயரைத் தந்தார். பின்னர் பரர் என்னும் அறிஞர், எந்தக் கல் எந்த மூலக்கூற்றை உள்ளே விடும் என்பதை வகைப்படுத்தினார். 1954 முதல் அமெரிக்காவின் யூனியன் காபைட்டு நிறுவனம், ஆய்வுகூடத்தில் ஆக்கிய சியோலைற்றுகளை விற்பனைக்குக் கொணர்ந்தது. பெற்றோலில் நேராக நீண்ட மூலக்கூறுகளை உள்ளே விட்டு, கிளைவிட்ட மூலக்கூறுகளை வாயிலில் நிறுத்தும் கற்கள் ஆலைகளிற் பயன்பட்டன.

ஆயினும் நம் இரட்டையர் முன் இவ்வரிதட்டும் தயங்குகின்றது. எதிலீன் மூலக்கூற்றுக்கும் எதேன் மூலக்கூற்றுக்கும் உள்ள பருமன் வேற்றுமை எவ்வளவு? ஒரு மில்லிமீற்றரைப் பத்துக் கோடி கூறுகளாக வகுத்தால் அவற்றில் மூன்று கூறுக்கும் குறைவு. அத்துணை நுட்பமாக வாயிலை அமைக்க வேண்டுமாயின், கிடைத்த கல்லைக் கொண்டு திருப்திப்படுதல் போதாது. வேண்டிய அளவுக்கு வேண்டிய வண்ணம் வீடு கட்டுவது போல அறைகளைக் கட்டுதல் வேண்டும்.

அக்கட்டடக் கலையின் வரலாறு ஆசிரியர்கள் கேட்டு மகிழத் தக்கது. 1974 இல் மெல்பேண் பல்கலைக்கழகத்தில் இரசாயனவியல் கற்பித்த றிச்சட் றொப்சன், மாணவர் மூலக்கூறுகளின் அமைப்பை விளங்கிக்கொள்ளும் பொருட்டு, மரப் பந்துகளில் துளையிட்டுக் கோல்களால் இணைக்க ஏற்பாடு செய்தார். துளைகளைச் சரியான இடத்தில் இட்டுவிட்டால், பந்துகள் தாமாகவே சரியான வடிவத்தைப் பெறுகின்றன என்பதை அவர் கவனித்தார். உண்மையான அணுக்களுக்கும் அவ்வாறு திசை காட்டி, விரும்பிய வடிவத்திற் பெருங்கட்டடம் எழுப்பலாகாதா? பல்லாண்டு சென்றபின் அவர் அதனைச் செய்து பார்த்தார். உலோக அணுக்களை மூலைகளாகவும் சேதன மூலக்கூறுகளை வளைகளாகவும் கொண்ட அவரது கட்டடம் 1989 இல் வெளியாயிற்று. 1997 இல் சப்பானியரான சுசுமு கித்தகாவா, அத்தகைய சட்டகத்தினுள் வாயு புகுந்து மீளலாம், சட்டகம் இடியாது என்று காட்டினார். 1999 இல் ஓமார் யாகி, 300 பாகை வெப்பத்திலும் நிலைகுலையாத சட்டகமொன்றைப் படைத்தார். யாகி, யோர்தான் நாட்டின் அம்மான் நகரில் பாலத்தீன அகதிக் குடும்பத்திற் பிறந்து வளர்ந்தவர். இம்மூவருக்கும் 2025 ஆம் ஆண்டின் இரசாயனவியல் நொபெல் பரிசு வழங்கப்பெற்றது. இவர்கள் படைத்தவற்றை உலோகச் சேதனச் சட்டகங்கள் என்கின்றோம். கித்தகாவா தம் இளமையில் யுக்காவா என்னும் பௌதிகவியலாரின் நூலொன்றின் வாயிலாகப் பண்டைச் சீன ஞானி சுவாங்சியின் கருத்தை அறிந்தவர்; பயனற்றது எனப்படுவதிலும் பயன் உண்டு என்பது அக்கருத்து. சட்டகத்தில் விலைமதிப்புள்ளது சுவரன்று. சுவர்களுக்கிடையே உள்ள வெற்றிடமே.

அவ்வெற்றிடத்தை எதிலீனுக்கென்று அமைத்த மூன்று முயற்சிகளைக் கூறுவேன். முதலாவது, 2012 இல் கலிபோணியாவின் பேக்கிலி நகரிலிருந்து ஜெப்ரி லோங் குழுவினர் அறிவித்தது. அவர்கள் சட்டகத்தில் இரும்பு அணுக்களை ஒரு பக்கம் மூடாமல் வைத்தனர். எதிலீனின் இரட்டைப் பிணைப்பிலுள்ள இலத்திரன்கள் இவ்விரும்பை நாடிச் சென்று அதனோடு மென்மையாக இணைகின்றன. எதேனுக்கு அவ்வாறான இலத்திரன்கள் இல்லை. இவ்வாறு பருமனைப் பாராது குணத்தைப் பார்த்துப் பிரித்தனர். அதுவும் சுழிக்குக் கீழே நூறு பாகையிலன்று, சுழிக்கு மேலே 45 பாகையில். ஆயின் அந்த இரும்பு காற்றுப் பட்டாற் கெட்டுவிடும்.

இரண்டாவது, 2018 இல் பாங்லின் சென் முதலியோர் செய்தது. அதே சட்டகத்தின் இரும்போடு ஒட்சிசனை முன்னதாகவே இணைத்துவிட்டனர். அப்பொழுது ஒரு விந்தை நிகழ்ந்தது: சட்டகம் எதிலீனை விட்டு எதேனைப் பிடிக்கத் தொடங்கியது. இதனால் வந்த நன்மை யாதெனின், கலவையிற் சிறுபான்மையாகிய எதேன் உள்ளே தங்க, வேண்டிய எதிலீன் தூயதாக ஒரே நடையில் வெளியே வந்தது. எதிலீனைப் பிடித்துப் பின் விடுவிக்கும் இரண்டாம் வேலை அங்கே இல்லை. பிரித்தெடுப்போர் எப்பொழுதும் வேண்டியதையே பிடிக்க வேண்டும் என்பதில்லை. வேண்டாததைப் பிடிப்பதும் ஒரு வழி. கல்லைச் சட்டியில் நிறுத்தி அரிசியை அரித்தெடுப்பவர்க்கு இதனை விளக்கவும் வேண்டுமோ?

மூன்றாவதும் அதே ஆண்டில் வந்தது. கல்சியம் என்னும் மலிவான உலோகத்தையும், சதுர வடிவான ஒரு சிறு சேதன அமிலத்தையும் கொண்டு, நீரிலேயே ஆக்கப்பட்ட விறைப்பான சட்டகம் அது. அதன் வாயில் எதிலீன் நுழையவும் எதேன் நுழையாதிருக்கவும் அமைந்தது. பத்துக் கோடிக் கூறுகளில் மூன்று கூறுக்கும் குறைவு என்று சற்று முன் கூறிய அந்த வேற்றுமையை அறிந்து பிரிக்கும் அரிதட்டு உண்மையாகவே கிடைத்துவிட்டது.

அவ்வாறாயின் கோபுரங்களை இடித்துவிடலாமோ? இல்லை. ஆய்வுகூடத்தின் கிராம் கணக்குக்கும் ஆலையின் தொன் கணக்குக்கும் நெடுந்தூரம் உண்டு. தூளாக உள்ள சட்டகத்தை உடையாத மணிகளாக உருட்ட வேண்டும். பேர்க்கின் கரிமணிகளுக்கு நேர்ந்ததை மறத்தல் ஆகாது. ஆலை வாயுவிற் கலந்துள்ள நீராவியும் கந்தகச் சேர்வைகளும் அறைகளை அடைத்துவிடும். வாயு சுவரிற் படியும்போது வெப்பம் வெளிப்படும். அவ்வெப்பம் பிடியைத் தளர்த்தும். இவற்றையெல்லாம் தாங்கி ஆண்டுக் கணக்கிற் பிடித்தும் விட்டும் உழைக்கும் பொருளே கோபுரத்துக்கு மாற்றாகும். அதனால், எதிலீனை எதேனிலிருந்து பிரிக்கும் பெரும்பாரத்தை இன்றும் குளிர்க் கோபுரங்களே சுமந்து நிற்கின்றன. எனினும் கோபுரத்தின் வேலையில் ஒரு பகுதியையேனும் சட்டகம் ஏற்குமாயின், அதனால் மிஞ்சும் எரிபொருளும் குறையும் புகையும் உலகத்துக்கு ஊதியமே. பொலித்தீன் நம் வாய்க்கால்களை அடைப்பது தனியொரு வழக்கு. அதனை நாம் வேறாகத் தீர்த்தல் வேண்டும். ஆனால் ஆக்கியே தீர வேண்டிய பொருளைக் குறைந்த செலவில், குறைந்த புகையோடு ஆக்குவது எவ்வாற்றானும் நன்றே.

நேயர்களே, இவ்வரலாற்றில் வரும் பொருள்களை எண்ணிப் பாருங்கள்: கரி, கல், இரும்பு, கல்சியம். இவற்றுள் அரும்பொருள் எதுவும் இல்லை. வகுப்பறையில் மாணவருக்காகத் துளையிட்ட மரப் பந்துகூட இவ்வறிவுக்கு வித்தாயிற்று. நம் பாடசாலை ஆய்வுகூடங்களிற் கருவிகள் குறைவு என்பது உண்மையே. ஆயினும் சிரட்டைக் கரியை நீராவியிற் பக்குவஞ் செய்தால் அதன் துளை எவ்வளவு பெருகும், அது எந்த வாயுவை எவ்வளவு பிடிக்கும், எவ்வளவு சூட்டில் விடும் என்று அளந்து பார்க்கும் ஆர்வம் நம் மாணவரிடத்து உண்டாகுமாயின், அதற்கு வேண்டிய மூலப்பொருள் நம் அடுப்படியிலேயே கிடக்கின்றது. கரியாக ஏற்றுமதியாவதற்கும் அறிவோடு சேர்ந்து ஏற்றுமதியாவதற்கும் உள்ள விலை வேற்றுமையை வணிகர் அறிவர். அவ்வறிவை ஊட்டும் பொறுப்பு எம்மைப் போன்ற ஆசிரியர்களுடையது. அதனைக் கேட்டு வாங்கும் உரிமை உங்கள் பிள்ளைகளுடையது.